கூரைத் தகடும் அதனை வெட்டும் கருவியும்

ஆவணி பிறந்துவிட்டால், எம்மவர் தலை நிமிர்ந்து கூரையைப் பார்க்குங் காலமும் பிறந்துவிட்டது எனலாம். சித்திரை வெயிலிலும் ஆனிச் சோளகத்திலும் எவர் கண்ணுக்கும் படாத ஓட்டைகளும் உடைவுகளும், ஐப்பசி மழை நினைவுக்கு வந்தவுடன் ஒவ்வொன்றாய்ப் புலப்படத் தொடங்குகின்றன. கிடுகு வேய்ந்த காலத்தில் இஃது ஒரு பெருங் கவலையன்று. அயலவர் கூடுவர், கிடுகு வரும், ஒரு பகற் பொழுதிற் கொட்டில் புதிதாகும், வேய்ந்தவர்க்கு மத்தியானம் சோறு கொடுத்தாற் கணக்குத் தீர்ந்தது. இன்று நிலைமை வேறு. கிடுகு அருகிவிட்டது, ஓடு விலையேறிவிட்டது, அஸ்பெஸ்ரஸ் தூள் புற்றுநோய்க்குக் காரணமாவது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஐயமறக் கூறிவிட்டது. ஆதலின் குசினிக்கும், விறாந்தைக்கும், மாட்டுக் கொட்டிலுக்கும், பலருக்கு முழு வீட்டுக்குமே உலோகத் தகடு கூரையாகி வருகின்றது.

தகடு வாங்குவோர் பல கடை ஏறி இறங்கி விலை கேட்கின்றனர். எந்த நிறம் வேண்டும் என்பது பற்றி வீட்டில் ஒரு கிழமை விவாதம் நிகழ்கின்றது. ஆனால் அத்தகட்டை எதனால் வெட்டுவது என்று கேட்பார் மிகச் சிலரே. அது வேலைகாரர் பாடு என்று விட்டுவிடுகின்றோம். தகட்டின் ஆயுளும், வெட்டுவோரின் கண்ணும் கையும் அந்த ஒரு கேள்வியிலேயே பெரிதுந் தங்கியிருக்கின்றன. ஆகவே இவ்வாரம் இவ்விடயத்தை எடுத்துக்கொண்டோம். வீடு திருத்தும் பெற்றோர்க்கும், விடுமுறையிற் சுத்தியல் பிடிக்கும் மாணாக்கருக்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

தகட்டின் இயல்பு

வெட்டுங் கருவியை அறியுமுன் வெட்டப்படும் பொருளை அறிதல் முறை. நெளிதகட்டுக்கு முதன் முதற் காப்புரிமை பெற்றவர், லண்டன் துறைமுகக் கம்பனியிற் பொறியியலாளராயிருந்த ஹென்றி ரொபின்சன் பாமர் என்பார், ஆண்டு 1829. மெல்லிய தகடு தன் பாரத்தாலேயே வளையும். அதனை நெளித்துவிட்டால் விறைத்து நிற்கும். மாணாக்கர் ஒரு கடதாசியை இரண்டு புத்தகங்களுக்கிடையே பாலமாக வைத்துப் பார்க்கட்டும், விழுந்துவிடும். அதே கடதாசியை விசிறி போல மடித்து வைத்தால் ஒரு பேனையைத் தாங்கும். பாமர் கண்ட உண்மை இதுவே.

நெளிந்த இரும்பு பலமாயிருந்தது, ஆனால் துருப்பிடித்தது. 1837 இற் பிரான்சு தேசத்து ஸ்ரனிஸ்லாஸ் சோரெல் என்பார், உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாகமாவது துத்தநாகம். மலைநாட்டுத் தோட்டங்களின் லயன் வீடுகளையும் தேயிலைத் தொழிற்சாலைகளையும் மூடிய தகரம் இவ்விரு கண்டுபிடிப்புகளும் சேர்ந்து பெற்ற பிள்ளையே.

இன்று கடைகளில் மிகுதியாக விற்கப்படுவதும், எம்மூரார் 'அமானோ சீற்' என வழங்குவதுமான தகட்டின் பூச்சு, நாகம் மட்டுமன்று. நிறையளவில் நூற்றுக்கு 55 பங்கு அலுமினியமும், 43.4 பங்கு நாகமும், 1.6 பங்கு சிலிக்கனுங் கலந்த கலப்புலோகம் அது. 1972 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் மேல் நிறப்பூச்சும் பூசப்படுவதுண்டு. உள்ளேயிருக்கும் உருக்கோ பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்குங் குறைந்த தடிப்புடையது. ஆகவே நாம் காசு கொடுத்து வாங்குவது உருக்கை மட்டுமன்று. அதன் மேலுள்ள மெல்லிய சட்டையையுமே என்று சொல்லுதல் பொருந்தும்.

அச்சட்டை எங்ஙனங் காக்கின்றது? மழைநீரையுங் காற்றையும் உருக்கில் அணுகவிடாது மறைப்பது ஒரு வழி. மற்றையது இன்னும் நுட்பமானது. நாகம் இரும்பைவிட இலகுவாகத் தாக்கமடைவது. இரண்டுந் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருக்கும்போது நாகம் அனோட்டாகித் தான் கரையும்; இரும்பு கதோட்டாகிப் பிழைக்கும். சாதாரண தர வகுப்பு மாணாக்கர் இதனை நன்கு அறிவர். தகட்டை வெட்டும்போது ஓரத்திற் பச்சை உருக்கு வெளிப்படுகின்றதன்றோ? அந்த ஓரம் மிக மெல்லியது. இருபுறமும் நாகம் நிற்கின்றது. ஆதலினால், சுத்தமாக வெட்டப்பட்ட ஓரத்தை அயலிலுள்ள பூச்சே காத்துக்கொள்ளும். 'சுத்தமாக வெட்டப்பட்ட' என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. இனிச் சொல்லப்போவன யாவும் அதன் விளக்கமே.

வெட்டாமையே முதல் வழி

முதலில் ஒன்று கூறுவோம். வெட்டு எத்துணை குறையுமோ அத்துணை நன்று. தயாரிப்பாளர் பலர் நாம் கேட்கும் நீளத்திலேயே தகட்டை உருட்டித் தருகின்றனர். முகட்டிலிருந்து தாவாரம் வரையுள்ள நீளத்தை, பீலிக்குள் நீள வேண்டிய பகுதியையுஞ் சேர்த்து, இரண்டு பேர் நின்று அளந்து எழுதிக் கொடுத்தால், இரண்டு சாய்வுள்ள சாதாரண கூரைக்கு வெட்டு வேலை பெரும்பாலும் இல்லை. பழைய நாற்சார் வீடு போல மூலையுஞ் சந்தியும் உள்ள கூரைக்கும், புகைக்கூடு, குழாய் முதலியன கூரையை ஊடுருவும் இடங்களுக்குமே வெட்டு வேண்டும். அளவெடுக்க அரை நாள் செலவிட்டவர், வெட்ட இரண்டு நாள் செலவிட வேண்டியதில்லை. பதறாத காரியஞ் சிதறாது.

அளவைக் குறிக்கும்போதும் ஓர் எச்சரிக்கை. பாடசாலைப் பென்சிலால் இத்தகட்டிற் கோடு கீறலாகாது. பென்சிலின் கரி காரீயம். அது மின்னைக் கடத்தும். ஈரம் பட்டால் அக்கோட்டின் வழியே பூச்சு அரிக்கப்படும். நிறப் பேனையாற் குறித்தல் போதுமானது.

கத்தரிக்கோல்

தகரம் வெட்டுங் கத்தரிக்கோல் இரண்டு வகைப்படும். முதலாவது, நீண்ட பிடியும் நேரான அலகும் உடைய பழைய வகை. நேர்க் கோட்டில் நீளமாக வெட்ட இது நன்று. இதன் தத்துவம் நெம்பின் தத்துவமே. பிணைச்சலிலிருந்து கை பிடிக்குமிடம் 20 சதமமீற்றரும், தகடு வெட்டுப்படுமிடம் 4 சதமமீற்றரும் எனக் கொள்வோம். கையின் விசை 5 மடங்காகித் தகட்டில் விழும். ஆகவே தகட்டை அலகின் நுனியில் வைத்து நெரிப்பவர் வீணே களைப்பர். பிணைச்சலுக்கு அண்மையில் வைத்து வெட்டுபவர் பாடின்றி வெட்டுவர்.

இரண்டாவது, விமானக் கத்தரிக்கோல் எனப்படுவது. விமானத்துக்குரிய உலோகத் தகடுகளை வெட்டுவதற்கென ஆக்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. இதில் ஒரு நெம்பு இன்னொரு நெம்பை இயக்கும். ஆதலாற் சிறிய கருவியாயினும் விசை மிகுதி. இதன் பிடிகளுக்கு நிறம் உண்டு, அந்நிறம் அழகுக்கன்று. மஞ்சள் நேராக வெட்டும். சிவப்பு இடப்புறமாக வளைந்து வெட்டும். பச்சை வலப்புறமாக வளைந்து வெட்டும். இதனை அறியாது, கடைக்காரர் எடுத்துத் தந்த ஒன்றை வாங்கி வந்து, வளைவு வராதபோது கருவியைத் திட்டுவோர் பலர். குழாய்க்கு வட்டத் துவாரம் வெட்ட வேண்டுமாயின், நடுவில் ஒரு துளையிட்டு, அங்கிருந்து சுருள் போல விரித்து வந்து கோட்டை அடைதல் வேண்டும். சிவப்பாயின் இடஞ் சுழித்தும், பச்சையாயின் வலஞ் சுழித்தும் வருக. பிடி அலகுக்கு மேலே உயர்ந்து நிற்கும் வகையொன்றும் உண்டு. கை தகட்டின் கூரிய ஓரத்தில் உராயாமல் வெட்ட அது உதவும். நெளிகளைக் குறுக்கே வெட்டுவோர் அதனையே தேடி வாங்குக.

கடையிற் சோதிப்பது எவ்வாறு? அலகுகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க. இடைவெளி தெரிந்தால் வேண்டாம். பிணைச்சல் திருகாணி ஆடினால் வேண்டாம். ஒரு துண்டுத் தகட்டைக் கேட்டு வாங்கி வெட்டிப் பார்க்க. ஓரம் நசுங்காமலும் பிசிறின்றியும் வருதல் வேண்டும். வெட்டும்போது அலகை நுனிவரை முற்றாக மூடுதல் கூடாது. மூடினால் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒரு சிறு பல் எழும். அப்பல்லே பின்னர் கையைக் கிழிக்கும். முக்காற் பங்கு மூடி, மீண்டுந் திறந்து, முன்னே நகர்த்துக. கம்பி வெட்டவும் ஆணி நறுக்கவும் இக்கத்தரிக்கோலைக் கொடாதீர். ஒரு கம்பி வெட்டினாலும் அலகில் வடு விழும். அதன்பின் வெட்டும் ஒவ்வோர் ஓரத்திலும் அவ்வடு தோன்றும்.

வாளும் உளியும்

வீட்டிலுள்ள இரும்பறுக்கும் வாளாற் கூரைத் தகட்டை அறுக்கலாமே என்பார் உண்டு. அறுத்துப் பார்த்தவர்க்கு அனுபவந் தெரியும்: தகடு பறை போல அதிரும், வாளின் பல் சிக்கும், ஈற்றில் அலகு முறியும். காரணம் யாதெனில், அறுக்கும் வாளின் மூன்று பற்களாயினும் ஒரே நேரத்தில் உலோகத்தின் மேல் அமர்ந்திருத்தல் வேண்டும் என்பது தொழில் விதி. வாள்களுள் மிக நுண்ணிய பல்லுடையது அங்குலத்துக்கு 32 பல் உடையது. அதிற் பல்லுக்குப் பல் இடைத்தூரம் ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர். தகடோ அரை மில்லிமீற்றரும் இல்லை. இரண்டு பல்லுக்கிடையில் தகடு முழுவதும் விழுந்துவிடுகின்றது. பின் எங்ஙனம் அறுபடும்?

வேறு கருவி இல்லாத இடத்து இரண்டு உபாயம் உண்டு. வாளை நிமிர்த்திப் பிடியாது தகட்டோடு சாய்த்துப் பிடித்தால், பற்கள் பல ஒருங்கே படும். அன்றேல் தகட்டை இரண்டு மெல்லிய பலகைகளுக்கிடையே இறுக்கி, பலகையோடு சேர்த்து அறுக்கலாம். ஒன்றிரண்டு வெட்டுக்கு இது போதும். ஒரு வீட்டுக்குப் போதாது.

மரக் குற்றியின் மேல் தகட்டை வைத்து, உளியுஞ் சுத்தியலுங் கொண்டு வெட்டுவது எம் முன்னோர் முறை. தடித்த பழைய தகரத்துக்கு அது பொருந்திற்று. இன்றைய மெல்லிய தகட்டில் ஓரம் அலை போல வளைந்துபோம், பூச்சும் உதிரும். கத்தரிக்கோலுக்கு வழிசெய்யும் முதற்துளையை இடுவதற்கு மட்டும் உளியை வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரக் கருவிகள்

வேலை பெரிதாயின் மின்சாரக் கருவி வேண்டியதே. அவற்றுள் 'நிப்ளர்' என்பது கூரைத் தகட்டுக்கு மிக ஏற்றது. எலி அப்பத்தைக் கொறிப்பது போல, ஓர் ஊசித்தண்டு மேலுங் கீழும் விரைந்து இயங்கித் தகட்டைச் சிறு சிறு பிறைகளாகக் கொறித்துச் செல்லும். நெளியிலேறி நெளியிலிறங்கி, தகட்டை வளைக்காமல் வெட்டும். தீப்பொறி இல்லை; பூச்சு எரிவதுமில்லை. துளைகருவியிற் பொருத்தத்தக்க சிறிய நிப்ளரும் உண்டு. அதன் விலை குறைவு.

அதற்கும் ஒரு குறையுண்டு. அது உதிர்க்கும் பிறைத் துண்டுகள் ஊசி போன்ற முனையுடையன. முற்றத்து மணலிற் கலந்துவிட்டால், வெறுங்காலுடன் ஓடும் குழந்தைகளின் பாதத்திலேறும். வேலை முடிந்தபின் ஒரு பெரிய காந்தத்தைத் துணிப்பையிலிட்டு முற்றமெங்கும் இழுத்துச் செல்க. துண்டுகள் பையில் ஒட்டும். காந்தத்தை வெளியே எடுத்தால் அவை உதிர்ந்துவிடும். உள்ளே உருக்கிருப்பதாலேயே இது கைகூடுகின்றது. இதே காந்தங் கொண்டு, கடைக்காரர் 'அலுமினியம்' என்று சொல்லி விற்பது அலுமினியந்தானா என்றும் சோதித்துக்கொள்ளலாம். அலுமினியத்திற் காந்தம் ஒட்டாது.

மின்கத்தரி என்பது மற்றொன்று. தட்டையான தகட்டிலும், நெளியின் வழியே நீளப்பாட்டிலும் அது மிக விரைந்து செல்லும்; நெளியைக் குறுக்கிடுவதில் நிப்ளருக்கு ஈடாகாது. உலோகம் வெட்டுதற்கென ஆக்கப்பட்ட கடினப் பல்லுடைய வட்டவாளும் உண்டு. அது சூடு குறைவாக வெட்டும். ஆனால் விலை மிகுதி, பழக்கமும் வேண்டும். கூரை வேலையைத் தொழிலாகக் கொண்டோர்க்கே அது தகும்.

கிறைண்டரின் கதை

இனி, எல்லார் கையிலும் இருப்பதும், எல்லாவற்றையும் வெட்டுவதுமாகிய கிறைண்டருக்கு வருவோம். இரும்புச் சட்டம் வெட்டவும், ஒட்டிய இடத்தைத் தேய்க்கவும் அதனிற் சிறந்தது வேறில்லை. ஆனால் பூச்சிட்ட கூரைத் தகட்டுக்கு அது பகை.

காரணத்தைக் கணக்கிற் காண்போம். கிறைண்டர் தட்டின் விட்டம் 100 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 11,000 சுற்று எனக் கொள்வோம். தட்டின் விளிம்பு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 207 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது. அவ்வேகத்தில் உராயும்போது உருக்குத் துணிக்கைகள் சிவந்து எரிந்து பொறியாய்ப் பறக்கின்றன. நாகம் ஏறக்குறைய 420 பாகை செல்சியசில் உருகும்; 907 பாகையிற் கொதித்து ஆவியாகும். ஆகவே வெட்டின் இருமருங்கிலும் பூச்சு உருகிப் போகின்றது. காவலாளி இருந்த இடம் வெறிதாகின்றது. அம்மட்டோ? பறந்த பொறிகள் அயலிலுள்ள நல்ல தகட்டின் நிறப்பூச்சில் விழுந்து பதிந்துகொள்கின்றன. வெறும் இரும்பாகிய அவை முதற் பனியிலேயே துருவாகின்றன. தயாரிப்பாளர் பலர், கிறைண்டரால் வெட்டப்பட்ட தகட்டுக்குத் தாம் உத்தரவாதம் அளிப்பதில்லை எனத் தங்கள் குறிப்பேடுகளில் எழுதியிருப்பதும் இதனாலேயே.

எமது அயலில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் தகும். கணவரை இழந்து இரண்டு பெண் பிள்ளைகளுடன் வாழும் ஒரு தாயார், சீட்டுப் பிடித்த காசிற் பழைய ஓடிறக்கித் தகடு வேய்ந்தார். வேலையை ஏற்றவர் எம்மிடங் கற்ற இளைஞர், நாணயமானவர், உழைப்பாளி. கூரையின் மேலே தகட்டை அடுக்கி வைத்துக்கொண்டு கிறைண்டரால் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் இல்லையா என்று கேட்டோம். "சேர், கிறைண்டர் கையிலை இருக்கேக்கை கத்தரிக்கோலோடை ஏன் மாரடிப்பான்? பொழுதுபட முன்னம் முடிச்சிடுவன்" என்றார். சொன்னபடி முடித்தும் விட்டார்.

மாரி வந்தது. முதல் மழைக்குப் பின், கடல்நீல நிறத் தகட்டின் மேற் செம்மண் தெளித்தாற் போலப் புள்ளிகள் தோன்றின. வெட்டோரங்களிற் கபில நிறக் கோடு எழுந்தது. இளைஞர் கடைக்காரரைக் குறை கூறினார். கடைக்காரர் தயாரிப்பாளரின் ஆளை அழைத்து வந்தார். வந்தவர் ஏணியிலேறிப் பார்த்து, புள்ளிகளைச் சுட்டிக் காட்டினார். அவை எங்கும் பரந்திருக்கவில்லை. ஒவ்வொரு வெட்டிலிருந்தும் விசிறி விரித்தாற் போல விரிந்திருந்தன. பொறி பறந்த வழி அப்படியே எழுதப்பட்டிருந்தது. அதன்பின் வாதாட இடமிருக்கவில்லை, உத்தரவாதமும் இல்லையாயிற்று.

அத்தாயார் சினந்து பேசவில்லை. "தம்பி, நான் உன்னைக் குறை சொல்லேல்லை. இந்தச் சீட்டுக்கு இன்னும் எட்டு மாசம் கட்டவேணும், அதுதான் யோசிக்கிறன்" என்று மட்டுஞ் சொன்னார். ஏசியிருந்தால் அந்த இளைஞர் ஒருவேளை மறுமொழி கூறியிருப்பார். இதற்கு அவரிடம் மறுமொழி இருக்கவில்லை. மிக மோசமான மூன்று தகடுகளைத் தமது கைக்காசிலே வாங்கி மாற்றிக் கொடுத்தார். மாற்றிய அன்று எம்மைக் கண்டு, "நாகம் இரும்பைக் காக்கிறதெல்லாம் படிச்சனான் சேர். சோதினையிலையும் எழுதினனான். ஆனா அது இந்தத் தகரத்தைப் பற்றின கதையெண்டு நினைக்கேல்லை" என்றார்.

மாணாக்கர் இவ்வாக்கியத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். அனோட்டுங் கதோட்டும் சோதனைக் குழாய்க்குள் மட்டும் வாழ்வனவல்ல. எம் வீட்டு முகட்டிலும் வாழ்கின்றன. படித்தது கைக்கு வரும்போதே அது கல்வியாகின்றது.

அவ்விளைஞர் இன்று தமது பையில் மூன்று நிறக் கத்தரிக்கோல்களுடன் போகின்றார். கிறைண்டரை அவர் எறிந்துவிடவில்லை. இரும்புச் சட்டத்துக்கு மட்டும் எடுக்கின்றார். அதுவே அறிவு.

எதனை வாங்குவது?

நிற்க. சுருங்கக் கூறுமிடத்து, பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கு மேற்படாத சிறு வேலையாயின், மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகிய மூன்றும் போதும். இரண்டுதான் வாங்க இயலுமாயின் சிவப்பும் பச்சையும் வாங்குக, அவற்றாலே நேராகவும் ஓரளவு வெட்டிக்கொள்ளலாம். ஒரு வீட்டுக் கூரை முழுவதுமாயின் நிப்ளரை விலைக்கு வாங்கவேண்டுமென்பதில்லை; வாடகைக்குக் கிடைக்குமா என விசாரிக்க, அல்லது துளைகருவியிற் பொருத்துவதை வாங்குக. மின்சாரம் இல்லாத காணியிற் கொட்டில் போடுவோர் மின்கலத்தில் இயங்குவதையோ நீண்ட பிடிக் கத்தரிக்கோலையோ கொள்க. வேலையை மற்றொருவரிடம் ஒப்படைப்போர், கூலி பேசும் அன்றே, "தகட்டை எதனால் வெட்டுவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்க. இதிற் கூச்சம் வேண்டாம். கிறைண்டரால் வெட்டும்போது மிச்சமாகும் அரை நாட் கூலியைவிடத் தகட்டின் விலை அதிகம்.

எக்கருவியால் வெட்டினும், கூரையின் மேல் வைத்து வெட்டாது நிலத்தில் வைத்து வெட்டுக. அன்றன்று மாலையில், ஏறி நிற்பவர் இறங்குமுன், துளையிட்ட தூளையும் வெட்டிய துண்டுகளையும் மெல்லிய தும்புத்தடியாற் கூட்டி இறக்கிவிடுக. விட்டுவைத்தால் அவையும் துருப் புள்ளிகளாகும்.

கையும் கண்ணும்

இறுதியாக, எல்லாவற்றினும் மேலான ஒன்று. தகடு கெட்டால் வேறு தகடு வாங்கலாம். கண்ணுக்கு அவ்வாறு செய்ய இயலாது. எந்த மின்கருவியை எடுப்பினும் கண்காப்பு அணிந்தே எடுக்க. தகட்டைத் தூக்கும்போது தடித்த கையுறை வேண்டும். சுழலுங் கருவியை இயக்கும்போதோ தளர்ந்த கையுறை ஆகாது, சாரமும் ஆகாது. சாரத்தின் தொங்கல் கிறைண்டரிற் சுற்றிக்கொள்ள ஒரு கணம் போதும். கிறைண்டரைச் சட்டம் வெட்ட எடுப்பவர், அதன் மறைப்பைக் கழற்றிவிட்டு வெட்டலாகாது. வெட்டுந் தட்டின் நடுவளையத்தில் ஒரு திகதி பொறித்திருக்கும். அது காலாவதித் திகதி. அதற்குப் பிந்திய தட்டு வெடித்துச் சிதறக்கூடும். பழைய அஸ்பெஸ்ரஸ் கூரையைக் கழற்றும் வீடுகளில், அதனைக் கிறைண்டரால் ஒருபோதும் வெட்டற்க; அத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குட் போய்த் தங்கும்.

தகடு கீறிய காயம் சிறிதாயினும் சவர்க்காரமும் நீரும் இட்டுக் கழுவி, ஏற்புவலித் தடையூசி போட்டு எவ்வளவு காலம் என்று எண்ணிப் பார்க்க. பத்தாண்டு கடந்திருந்தால் மீண்டும் போடவேண்டும். காயம் ஆழமானதாயோ அழுக்குப் பட்டதாயோ இருந்தால் ஐந்தாண்டு கடந்திருப்பினும் வைத்தியரைக் காண்க.

காற்றையும் மறவாதீர். மூன்று மீற்றர் நீளமும் 80 சதமமீற்றர் அகலமும் உள்ள ஒரு தகட்டின் நிறை ஏறக்குறைய 10 கிலோகிராம். செக்கனுக்கு 10 மீற்றர் வேகமுள்ள சோளகக் காற்று அதன் முகத்தில் நேரே மோதினால், ஏறக்குறைய 15 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசை அதிற் பிறக்கும். அதாவது தகட்டைத் தூக்கியவரைத் தகடே தூக்கும். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பிற் பறந்த கூரைகளையும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி இந்நாட்டிற் செய்த அழிவையும் அறிந்த எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. காலைப் பொழுதில், காற்றெழுமுன், இருவராய் நின்று தூக்குக.

ஆயுத பூசையன்று கருவிகளைக் கழுவிப் பொட்டிட்டு வணங்குகின்றோம். அந்த வணக்கம் ஏனைய நாட்களில், தகுந்த கருவியைத் தகுந்த இடத்தில் எடுப்பதாலும், வேலை முடிந்தபின் துடைத்து ஒரு துளி எண்ணெயிட்டு வைப்பதாலும் தொடர்தல் வேண்டும். அவ்வாறு வைத்த கத்தரிக்கோல் பிள்ளைகள் காலத்துக்கும் வரும்.

வெட்டிய தகட்டைக் காற்றுப் பெயர்க்காதபடி கைமரத்தோடு பிணைப்பது ஆணியா, திருகாணியா? நெளியின் மேட்டில் அடிப்பதா, பள்ளத்திலா? இதனை அடுத்த வாரம் நோக்குவோம்.